முனிரத்தினம் விட்டுக்கொடுத்த சீட்டு

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது அவள் கள ஆய்வாளர். பழவேற்காடு பக்கம் புதிதாக மின்கோபுரங்கள் நடப் போகிறார்களாம். அதற்கு முன்னால் மீனவக் குப்பங்களில் உள்ள வீடுகளில் காந்தப்புலத்தை மறுபடியும் அளக்க வேண்டுமாம். "சலீம் சார், நீங்க அந்த ஊர்க்காரர், அதான் கேக்கறேன். வீடுகளை ஊர் முன்னாடியே சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம்னு இருக்கோம். அப்போதான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும், இல்லையா?" என்றாள்.

"நம்பிக்கை நிறையவே வரும்மா. அதுதான் சிக்கல்" என்றேன்.

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. போனில் சொல்லித் தீர்கிற விஷயம் இல்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பழவேற்காட்டில் பிறந்தவன். எங்கள் முன்னோர்கள் கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர்கள் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பெருமை பேசுவார்கள். என் காலத்துக்கு மிஞ்சியது அந்தப் பெருமை மட்டும்தான். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன், சென்னையில் அந்த ஆராய்ச்சி நிலையத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன், பல வருஷம் கருவிகளைப் பழுது பார்த்தேன். அந்த வருஷங்களில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. சால்டரிங் கம்பியில் விரலைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் டாக்டர் பிரமிளாவிடம் போய்ச் சேர்ந்தேன். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, ஏதாவது கெடுதல் உண்டா என்று பார்க்கிற ஆய்வு அவருடையது. உலகம் முழுக்க இந்தக் கேள்வியைப் பல வருஷமாகப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். சில ஆய்வுகளில் குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயோடு லேசான தொடர்பு தென்பட்டது. சிலவற்றில் தென்படவில்லை. தென்பட்ட இடத்திலும் காரணம் அந்தக் கம்பிதானா என்று அடித்துச் சொல்ல எவராலும் முடியவில்லை. "ஒருவேளை இருக்கலாம்" என்பதற்கு மேல் விஞ்ஞானம் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

டாக்டரம்மா சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. மெல்லிய குரல், பருத்திப் புடவை, கையில் பெரிய ஆண்கள் கடிகாரம். காந்தப்புலம் அளக்கிற மீட்டரைத் தொடுவதற்கு முன்னால் அந்தக் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். எங்களையும் செல்போனை ஜீப்பிலேயே விட்டுவிட்டு வரச் சொல்வார். நான் ஏதாவது அவசரப்பட்டு, "மேடம், இந்த வீட்ல ரொம்ப அதிகம்" என்று சொல்லிவிட்டால் போதும், தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "இது மீட்டர் சொன்னதா சலீம், நீ சொன்னியா?" என்பார். மீட்டர் ஒரு எண்ணைத்தான் சொல்லும். அது 'ரொம்ப' என்பதும் 'அதிகம்' என்பதும் நான் சேர்த்தது. இந்த ஒரு கேள்வியாலேயே என் வாயைக் கட்டிப்போட்டார் அந்த அம்மா. வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடும்போதுகூட குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்ல யோசித்திருக்கிறேன். என் மனைவிக்கு அதில் ரொம்ப சந்தோஷம்.

அளக்கிற முறையை நிவேதாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மற்றவர்கள் படிப்பார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வீட்டுக்குள் போனதும் நடுவிலும் மூலைகளிலும் இடுப்பு உயரத்தில் மீட்டரைப் பிடித்து அளக்க வேண்டும். பிறகு மெயினை அணைத்துவிட்டு அதே இடங்களில் மறுபடியும். அணைத்த பிறகும் எது மிஞ்சுகிறதோ, அது வீட்டு வயரிங்கிலிருந்து வரவில்லை, வெளியே ஓடுகிற கம்பியிலிருந்து வருகிறது. அது முடிந்ததும், தானாகப் பதிவு செய்கிற சின்னப் பெட்டி ஒன்றைக் குழந்தை படுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். ஒரு பகல், ஒரு ராத்திரி அது அங்கேயே இருக்கும். பிரிட்ஜ் மேல் வைக்கக் கூடாது, டிவி பக்கம் வைக்கக் கூடாது, நகர்த்தவே கூடாது. ஏரிக்கரையின் உப்புக் காற்றில் அதன் பேட்டரி முனைகள் பச்சை பூத்துவிடும். பள்ளிக்கூடத்து ரப்பரால் தேய்த்துத் தேய்த்தே நான் அவற்றை உயிரோடு வைத்திருந்தேன்.

கோட்டைக்குப்பத்தைத் தாண்டி ஒரு குப்பம். பெயர் வேண்டாம். தெற்கே அனல்மின் நிலையத்திலிருந்து புறப்பட்ட கோபுர வரிசை அந்தக் குப்பத்தின் ஓரமாகப் போகிறது. சில வீடுகளுக்கு நேர் மேலேயே கம்பி. பனி விழுகிற காலையில் கம்பியைத் தாங்குகிற, உப்பு படிந்த பீங்கான்கள் கசகசவென்று சத்தம் போடும். முதல் நாள் நாங்கள் போய் இறங்கியபோதே ஒருவர் எரியாத டியூப்லைட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கம்பிக்குக் கீழே நின்றார். அந்தி மங்கலில் அது லேசாக எரிந்தது.

"பாத்துக்கோ பாய். லைட்டே எரியுது. புள்ள எரியாதா?" என்றார்.

டியூப்லைட்டை எரியவைப்பது மின்புலம், நாங்கள் அளக்க வந்தது காந்தப்புலம், இரண்டும் வேறு என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "செத்த புள்ளைக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயர் தேசப்பன். கம்பிக்கு நேர் கீழே இருந்தது அவருடைய வீடு. அவருடைய பையன் ரத்தப் புற்றுநோயில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் இறந்து அதிக நாள் ஆகவில்லை. அவர் மனைவி அஞ்சலை மறுபடி கர்ப்பமாக இருந்தார்.

அஞ்சலைக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. பிறக்கப்போகிற குழந்தையை அந்த வீட்டில் வைத்து வளர்க்கலாமா, கூடாதா? ஆரம்பாக்கத்தில் அவருடைய அம்மா வீடு இருந்தது. நாளைக்கே மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். போனால் தேசப்பனின் பாடு போய்விடும்.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் மீனும் இறாலும் நன்றாகக் கிடைக்கிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் போய் அங்கே வலை போட முடியாது. அதனால் ஊர் கூடி, சீட்டுப் போட்டு, முறை பிரித்துக்கொள்வார்கள். சீட்டில் யார் பெயர் வந்ததோ அன்றைக்கு அந்த இடம் அவருக்கு. கல்யாணமாகி அந்த ஊரிலேயே குடியிருக்கிற ஆம்பிளைக்குத்தான் இதில் பங்கு. ஊரை விட்டுக் குடி போனால் பங்கும் போய்விடும். இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் சாவு, சீக்கு என்று நொந்துபோயிருக்கிறவனுக்கு, சீட்டு விழுந்த இன்னொருவன் தன் முறையை விட்டுக்கொடுப்பான். அப்படிக் கொடுத்தவனை யாரும் மாலை போட்டுப் புகழ மாட்டார்கள். கொடுக்காதவனைத்தான் பேசுவார்கள்.

இந்த வழக்கம் எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் எங்கள் ஆய்வுக்குள் அது இப்படி வந்து நுழையும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

எங்கள் முதல் கட்ட வேலையில் நோய்க்கு இடமே இல்லை. எந்த வீட்டில் எவ்வளவு காந்தப்புலம் இருக்கிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். துக்கம் நடந்த வீடாகப் பார்த்து மீட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் ஆய்வு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். அதனால் எல்லா வீடுகளின் பெயரையும் எழுதிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். டாக்டரம்மா அதை ஊர் முன்னாலேயே செய்தார். கோயில் முன்னால் குடத்தில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். ஊர்த் தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தார். எங்கள் முறை அந்த ஜனங்களுக்கு எவ்வளவு சுலபமாகப் புரிந்துவிட்டது என்று டாக்டரம்மா ஜீப்பில் வரும்போது சந்தோஷப்பட்டார். அவர் சந்தோஷப்பட்டு நான் பார்த்தது அபூர்வம்.

தேசப்பன் பெயர் வரவில்லை. அவருடைய பக்கத்துத் தெருக்காரர் முனிரத்தினம் பெயர் வந்தது. கம்பியிலிருந்து நன்றாகத் தள்ளி, ஏரிப் பக்கமாக இருக்கிற வீடு.

நல்ல வெயில் காலம். முனிரத்தினம் வீட்டில் அளந்துவிட்டு, அவருடைய பிள்ளைகள் படுக்கிற பாய்க்குப் பக்கத்தில் பெட்டியை வைத்தேன். மறுநாள் எடுக்கப் போனேன். பெட்டி இல்லை. முனிரத்தினத்தின் மனைவி வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பொட்டியா? அது அஞ்சலை வூட்ல கீது பாய். நேத்து நீங்க போனதுமே அவரு தூக்கினு போய் வச்சுட்டாரு."

"ஏம்மா, நகர்த்தக் கூடாதுன்னு சொன்னேனே!"

"எங்க வூட்ல சொம்மாதானே கெடக்கும்? அவங்க வூட்லதான் புள்ள பூட்டுது. அதான் எங்க சீட்டை அவங்களுக்குக் குடுத்துட்டோம்" என்றார், இதில் என்ன அதிசயம் என்பது போல.

அஞ்சலை வீட்டுக்கு ஓடினேன். இறந்துபோன பையன் படுத்திருந்த மூலையில், துவைத்து மடித்த புடவை ஒன்றின் மேல் பெட்டியை வைத்திருந்தார்கள். நான் சொன்னபடியே பக்கத்தில் டிவி இல்லை, எதுவும் இல்லை. அதை நகர்த்தக் கூடாது என்று அஞ்சலை ராத்திரி முழுக்கக் காவல் இருந்திருக்கிறார். "ஒழுங்கா வச்சிருந்தேனா பாய்?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குக் கோபப்படத் தோன்றவில்லை. "ஒழுங்காத்தாம்மா இருக்கு" என்றேன்.

பதிவைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். கோடு மேலேயே இருந்தது. பட்டணத்தில் வெயில் ஏற ஏற ஏசிகள் ஓடும், கம்பியில் கரண்ட் கூடும், அஞ்சலை வீட்டில் எண் ஏறும். நாங்கள் அந்த ஊரில் வேறெங்கும் பார்க்காத உயரம் அது.

டாக்டரம்மா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதை எடுத்துடு சலீம்" என்றார். முனிரத்தினம் வீட்டுக்கு இது பொருந்தாது. அஞ்சலை வீட்டுக்கு என்று எழுதவும் முடியாது, ஏனென்றால் சீட்டு அந்த வீட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை, துக்கம் தேர்ந்தெடுத்தது. அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன், இன்றைக்கும் அதைத்தான் செய்வேன். நிவேதா, நீயும் அதைத்தான் செய்ய வேண்டும். அழித்து முடித்த பிறகு டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்லப் போறேன்?" என்றார். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

அதனால்தான் மழைக் காலத்தில், ஆய்வுக் கணக்கில் சேராமல், அஞ்சலைக்காக மட்டும் ஒரு தடவை பெட்டியை அந்த வீட்டில் வைக்கச் சொன்னார். வைத்தேன். கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. மழைக் குளிரில் பட்டணத்தில் யார் ஏசி போடப் போகிறார்கள்? கம்பியில் கரண்டே குறைவு. முதல் தடவை பார்த்ததும் நிஜம், இதுவும் நிஜம்.

முடிவு சொல்ல ஊர் கூடியது. தேசப்பனுக்கு இதற்குள் தலைவர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். வலை காயப்போடுகிற மேட்டில் ஊர்ப் பொது இடம் இருந்தது. கம்பிக்கு அது வெகுதூரம். அங்கே ஒரு மனை கிடைத்தால் அவர் வீட்டை மாற்றிக்கொள்ளலாம், ஊரிலேயே இருக்கலாம், பாடும் இருக்கும். அஞ்சலைக்கும் தேசப்பனுக்கும் அன்றைக்கு அந்த ஒரு மனைதான் கண்ணில் இருந்தது. ஆனால் காரணமில்லாமல் ஒருவனுக்குக் கொடுத்தால் கம்பிக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் வந்து நிற்பார்கள்.

தலைவர் கேட்டார். "டாக்டரம்மா, ஒரே வார்த்த. தப்பு இருக்குதுன்னா சொல்லுங்க, மேட்டுல அவனுக்கு எடம் உட்டுடறோம். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. பொட்டி இன்னா சொல்லுது?"

டாக்டரம்மா எழுந்து நின்றார். இரண்டு முறை அளந்ததையும், ஏன் மாறியது என்பதையும், உலகத்தில் இதுவரை என்ன தெரியும் என்பதையும் நிதானமாகச் சொன்னார். ஒரு குப்பத்தில் ஒரு குழந்தைக்கு வந்த நோயை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றார். கடைசியில், "ஆபத்து இருக்குனு சொல்ல என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆபத்து இல்லவே இல்லனு சொல்லவும் ஆதாரம் இல்ல" என்றார்.

கூட்டத்தில் யாரோ, "சீட்டு ரெண்டு பக்கமும் வுழுந்துச்சுடா" என்றான். சிரித்தார்கள்.

முனிரத்தினம் சிரிக்கவில்லை. "எங்க சீட்டுல அளந்தப்ப மேல ஏறிச்சுன்னீங்களே, அது இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"அது கணக்குல சேராதுங்க" என்றார் டாக்டரம்மா.

"ஏன் சேராது? நான் முழு மனசாத்தானே குடுத்தேன்? பாடு மொறையையே குடுக்கறோம், ஒரு பொட்டியக் குடுக்கக் கூடாதா?"

அதற்கு டாக்டரம்மாவிடம் பதில் இருந்தது. அந்த இடத்தில் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். தலைவர், "கடைசியா வச்சப்ப பொட்டியில ஒண்ணும் இல்லதானே? அப்போ எடத்துக்கு இன்னா அவசரம்? பின்னாடி பாக்கலாம்" என்று முடித்துவிட்டார்.

ஜீப் ஏறப் போனபோது அஞ்சலை என்னை மறித்தார். நிறைமாசம், மூச்சு வாங்கியது. "பாய், அந்தம்மா படிச்சவங்க. நீங்க எங்க பக்கத்து ஆளு. கூடப் பொறந்தவளா நெனச்சுச் சொல்லுங்க. நான் இங்கயே இருக்கட்டுமா, போவட்டுமா?"

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"தெரியாதுன்னா இருக்கறதா, போறதா?"

'தெரியாது' என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு மரியாதை உண்டு, அதைத் துணிந்து சொல்வது பெரிய நேர்மை. ஆனால் வயிற்றுப் பிள்ளையோடு நிற்கிறவளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பொய் சொல்லாத வேலை எனக்குப் பிடித்த வேலை. அன்றைக்கு ஒரு நாள்தான் இந்த வேலைக்கு ஏன் வந்தோம் என்று நொந்துகொண்டேன். டாக்டரம்மா வழி முழுக்கக் கடிகாரத்தைக் கையில் கட்டாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இரண்டாம் கட்ட ஆய்வுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குப்பத்தைப் பற்றி என்னிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை, நானும் எடுத்ததில்லை.

அஞ்சலையும் தேசப்பனும் ஆரம்பாக்கத்துக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். பாடு முறையில் தேசப்பனின் இடம் வேறொருவருக்குப் போனது. அவர் காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறார் என்றார்கள். ஏரியில் நிற்க வேண்டியவர் வேலி போட்ட கேட்டில் பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

போன தை மாதம் ஆரம்பாக்கத்தில் ஒரு நிக்காஹ். மறுநாள் காலையில் ரயிலுக்கு நின்றிருந்தேன். "பாய்!" என்று ஒரு குரல். அஞ்சலை. தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. பக்கத்தில் தேசப்பன், கையில் மஞ்சள் ஹெல்மெட், காலில் கனத்த பூட்ஸ். அவர்களோடு தோளில் பை மாட்டிய ஒரு பெண், பொன்னேரியில் கல்லூரிக்குப் போகிறவள்.

"அன்னிக்கு வவுத்துல இருந்துச்சே, அவதான் பாய் இது. இதுவரைக்கும் ஒரு தலைவலின்னு படுத்ததில்ல" என்று அஞ்சலை அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்தார். "நாங்க அங்கேர்ந்து வந்தது நல்லதுதானே பாய்?"

முனிரத்தினத்தின் பிள்ளைகள் அந்தக் குப்பத்திலேயே நன்றாக இருக்கிறார்கள். கம்பிக்கு நேர் கீழே வளர்ந்த பிள்ளைகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இந்தப் பெண் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் இன்றைக்கு இதே பையோடு இதே போல நின்றிருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நான் இப்போது ஓய்வு பெற்றவன். கையில் மீட்டர் இல்லை, குறுக்கே கேள்வி கேட்க டாக்டரம்மா பக்கத்தில் இல்லை. இத்தனை வருஷம் அஞ்சலைக்கு நான் தர முடியாத ஒன்றை ஒரு தடவை தந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றியது.

"நல்லதும்மா. அங்கேர்ந்து வந்ததுதான் நல்லது" என்றேன்.

மீட்டர் சொல்லவில்லை, நான் சொன்னேன். அஞ்சலையின் முகம் மலர்ந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். எனக்கும் மனசு லேசாகிவிட்டது.

தேசப்பன் அதுவரை தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகத் திரும்பினார். கோபமில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"இந்த வார்த்தையை அன்னிக்கு ஊர் முன்னாடி சொல்லியிருந்தா, மேட்டுல எனக்கு எடம் குடுத்திருப்பாங்களே பாய்?"

ரயில் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அது பொய்யாகிவிடும்.